பையன் பெயரில் தொடங்கிய ஆட்டம்

ஓய்னாம் பெம்பெம் தேவி இந்திய மகளிர் காற்பந்து அணியின் மத்தியத் திடல் ஆட்டக்காரர். 1995இல் 15 வயதில் நாட்டுக்காகக் களம் இறங்கியவர், 2016இல் 35 வயதில் அனைத்துலக ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார். இந்த 21 ஆண்டுகளில் பலமுறை அணித்தலைவர் பட்டை அவர் கையில் இருந்தது. 2017இல் அர்ஜுனா விருதும் 2020இல் பத்மஸ்ரீ விருதும் கிடைத்தன. பத்மஸ்ரீ பெற்ற முதல் இந்தியக் காற்பந்து வீராங்கனை அவரே. ரசிகர்கள் அவரை ‘இந்தியக் காற்பந்தின் துர்க்கை’ என்று அழைத்தார்கள்.

மலேசிய வாசகர்களுக்கு இந்தக் கதையில் ஒரு தனி ஒட்டுதல் உண்டு. அவர் இந்தியச் சட்டையை முதன்முதலில் அணிந்து ஆடியது மலேசிய மண்ணில்தான். மணிப்பூருக்கும் நெகிரி செம்பிலான் தோட்டங்களுக்கும் மொழியிலோ உணவிலோ உறவில்லை. ஆனால் ஒரு பெண் பிள்ளை திடலில் இறங்குவதற்கும், இறங்கியபின் நிலைத்து நிற்பதற்கும் என்னென்ன வேண்டும் என்ற கேள்வி இரண்டு இடத்துக்கும் பொது.

இம்பாலின் லெய்காய்

பெம்பெம் 1980 ஏப்ரல் 4 அன்று மணிப்பூரின் தலைநகரான இம்பாலில் பிறந்தார். மெய்தெய் மக்களின் வழக்கப்படி குடும்பப் பெயர் முன்னால் வரும். ஓய்னாம் என்பது குடும்பப் பெயர். மணிப்பூர் மியன்மார் எல்லையை ஒட்டிய மலை மாநிலம். 2011 கணக்கெடுப்பின்படி அதன் மக்கள்தொகை சுமார் 28 இலட்சம். இந்தியாவின் அளவுக்கு அது ஒரு மூலை. அந்த மூலையிலிருந்துதான் மேரி கோம், மீராபாய் சானு போன்ற உலகத் தர வீராங்கனைகள் வந்தார்கள். இந்திய மகளிர் காற்பந்து அணியின் பாதிப் பெயர்ப்பட்டியலும் பல ஆண்டுகள் அங்கிருந்தே வந்தது.

இதற்கு வேர் அந்த மண்ணில் இருக்கிறது. இம்பாலில் இமா கெய்தேல் என்றொரு சந்தை உண்டு. ‘அம்மாக்களின் சந்தை’ என்று பொருள். கடை வைத்திருப்பவர்கள் எல்லாரும் பெண்கள். 1904இலும் 1939இலும் ஆங்கிலேயர் ஆட்சியை எதிர்த்து மணிப்பூர்ப் பெண்கள் தெருவில் இறங்கினார்கள்; அந்தப் போராட்டங்களுக்கு ‘நூபி லான்’, அதாவது பெண்கள் போர், என்றே பெயர். குதிரைப் பந்தாட்டத்தின் இன்றைய வடிவமும் மணிப்பூரின் சகோல் காங்ஜெய் ஆட்டத்திலிருந்து வந்ததுதான். பெண்கள் வெளியில் வருவதும் விளையாட்டு ஊர்க் காரியமாக நடப்பதும் அங்கே புதிதல்ல.

இம்பாலில் குடியிருப்புப் பகுதியை லெய்காய் என்பார்கள். பல லெய்காய்களுக்குச் சொந்தமாக ஒரு மன்றம், ஒரு சின்னத் திடல், ஓர் அணி உண்டு. நமக்குப் பழகிய சொல்லில் சொன்னால், தோட்டத்து லயமும் லயத்துக்கு முன்னால் இருக்கும் திடலும் போல. மாலையில் பையன்கள் அங்கே பந்து உதைப்பார்கள். 1988இல், எட்டு வயதில், பெம்பெமும் அவர்களோடு சேர்ந்தார்.

பெண்கள் ஆடுவதை ஊர் ஏற்றுக்கொண்டிருந்தாலும், பையன்களின் அணியில் பெண் பிள்ளைக்கு இடம் கிடைப்பது எளிதாக இல்லை. அதற்குச் சிறுமி கண்டுபிடித்த வழி எளிமையானது: பெயரை மாற்றிக்கொண்டார். திடலில் அவர் ‘போபோ’, இன்னொரு சமயம் ‘அம்கோ’. இரண்டும் பையன் பெயர்கள். பெயர் பையனுடையது என்றால் யாரும் கேள்வி கேட்பதில்லை. பந்து காலுக்கு வரும். பந்து வந்தபின் அந்தக் கால் யாருடையது என்று பார்க்க யாருக்கும் நேரமில்லை.

1991இல் 13 வயதுக்குட்பட்டோர் ஆட்டமொன்றில் தேர்வாளர்களின் கண்ணில் பட்டார். மணிப்பூரின் இளையோர் அணியில் இடம் கிடைத்தது. அதன்பின் மாறுபெயர் தேவைப்படவில்லை. சிங்ஜமேய் பகுதியைச் சேர்ந்த யாவா மன்றத்தில் சேர்ந்தார். 1993 முதல் மாநில அணிக்காக ஆடினார்.

கோத்தா கினபாலு, 1995

ஆசிய மகளிர் காற்பந்துப் போட்டி 1995 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் சபாவின் கோத்தா கினபாலுவில் நடந்தது. சீனா வெற்றியாளர், ஜப்பான் இரண்டாம் இடம். அந்தப் போட்டியில் குவாம் அணிக்கு எதிரான ஆட்டத்தில் பெம்பெம் முதன்முதலாக இந்தியாவுக்கு ஆடினார். வயது 15.

இந்திய மகளிர் அணி அதற்குமுன் ஒரு நல்ல காலத்தைப் பார்த்துவிட்டு வந்திருந்தது. 1975இல் இந்திய மகளிர் காற்பந்துச் சம்மேளனம் தனியாகத் தொடங்கப்பட்டு, அந்த ஆண்டே லக்னோவில் முதல் தேசியப் போட்டியை நடத்தியது. 1980இல் கோழிக்கோட்டில் நடந்த ஆசியப் போட்டியிலும், 1983இல் பாங்காக்கில் நடந்த போட்டியிலும் இந்தியா இறுதி ஆட்டம்வரை போய் இரண்டாம் இடம் பெற்றது. 1983இல் சாந்தி மல்லிக் அர்ஜுனா விருது பெற்றார். பிறகு தனிச் சம்மேளனம் தளர்ந்தது. 1990களின் தொடக்கத்தில் மகளிர் காற்பந்து அனைத்திந்தியக் காற்பந்துச் சம்மேளனத்தின் கீழ் வந்தது. சீனாவும் ஜப்பானும் வட கொரியாவும் இதற்குள் வெகுதூரம் போய்விட்டன. பெம்பெம் நுழைந்தபோது இந்தியா ஆசியாவின் முன்வரிசையில் இல்லை.

மலேசியாவின் நிலையும் அப்போது ஒருவகையில் இதுதான். 1975இல் ஹாங்காங்கில் நடந்த முதல் ஆசிய மகளிர் போட்டியிலேயே மலேசியா ஆடியது. துங்கு அப்துல் ரஹ்மானின் துணைவியார் பெயரில் துன் ஷரிஃபா ரோட்சியா கிண்ணம் 1970களிலேயே தொடங்கிவிட்டது. 1995 டிசம்பரில் சியாங் மாயில் நடந்த சீ விளையாட்டில் மலேசிய மகளிர் வெள்ளிப் பதக்கம் பெற்றார்கள். தொடக்கம் இரண்டு நாட்டிலும் தாமதமாக இல்லை, தொடர்ச்சிதான் அறுந்துபோனது.

திடலின் நடுவே

மத்தியத் திடல் ஆட்டக்காரரின் வேலை பார்வையாளர் கண்ணுக்கு எளிதில் தெரிவதில்லை. கோல் போட்டவர் பெயர் மறுநாள் நாளிதழில் வரும். கோலைத் தடுத்த காவலர் பெயரும் வரும். கோல் பிறந்த இடம் பெரும்பாலும் அதற்கு மூன்று உதைகளுக்கு முன்னால், நடுவட்டத்தின் ஓரத்தில் இருக்கும். அங்கே நின்றவர்தான் மத்தியத் திடல் ஆட்டக்காரர். பழைய ஆட்டக்காரர்கள் ‘சென்டர் ஹாஃப்’ என்று சொல்லிவந்த இடத்திலிருந்து வளர்ந்த வேலை இது.

அருகில் நின்று பார்த்தால் அந்த வேலை இப்படி இருக்கும். தற்காப்பிலிருந்து பந்து உருண்டு வருகிறது. வந்து சேர இரண்டு விநாடி ஆகலாம். அந்த இரண்டு விநாடியில் நல்ல மத்தியத் திடல் ஆட்டக்காரர் பந்தைப் பார்ப்பதில்லை. தலையை இடது தோளுக்கு மேல் ஒருமுறை, வலது தோளுக்கு மேல் ஒருமுறை திருப்பிப் பார்க்கிறார். பின்னால் எதிரணிக்காரர் எவ்வளவு நெருக்கத்தில் இருக்கிறார், இரு சிறகிலும் தன் அணியினர் யார் ஓடத் தொடங்கிவிட்டார்கள் என்ற இரண்டு செய்தியும் அந்தப் பார்வையில் கிடைத்துவிடும். உடல் பாதி திரும்பிய நிலையில் பந்து காலில் படுகிறது. முதல் தொடுதலிலேயே பந்து போக வேண்டிய திசைக்கு நகர்ந்துவிடுகிறது. இரண்டாவது தொடுதலில் அது இன்னொருவர் காலடியில். மொத்த வேலையும் மூன்று விநாடிக்குள் முடிகிறது. ஓர் ஆட்டத்தில் இது பல பத்து முறை நடக்கும். ஒருமுறை தவறினால் எதிரணி நேராகக் கோல் முனைக்குப் போய்விடும்.

இந்த இடத்துக்கு வேகத்தைவிட முன்னறிவு முக்கியம். அதனால்தான் நல்ல மத்தியத் திடல் ஆட்டக்காரர்கள் முப்பது வயதைத் தாண்டியும் ஆடுகிறார்கள். பெம்பெம் அப்படிப்பட்டவர். உயரமோ பலமான உடலோ அவர் ஆட்டத்தின் மூலதனம் அல்ல; பந்தைத் தன்வசம் வைத்துக்கொள்வதும், ஆட்டத்தின் வேகத்தைக் கூட்டிக் குறைப்பதும், தேவையான நேரத்தில் முன்னேறிக் கோல் போடுவதுமே அவர் பலம். 85 ஆட்டங்கள், 32 கோல்கள் என்று அவர் கணக்கைக் குறிப்பார்கள். நடுத்திடலில் ஆடியவருக்கு இது பெரிய எண்ணிக்கை.

திறமை இருந்தது, ஆட்டம் இல்லை

85 என்ற எண்ணை இன்னொரு எண்ணோடு ஒப்பிட்டால்தான் அதன் உள்ளே இருக்கும் சங்கதி தெரியும்.

அமெரிக்காவின் ஜூலி ஃபவுடி பெம்பெமைப் போலவே மத்தியத் திடல் ஆட்டக்காரர், அவரும் அணித்தலைவர். 1971இல் பிறந்து, 1988இல் 17 வயதில் அமெரிக்க அணிக்கு வந்தார். 1991, 1999 உலகக் கிண்ணங்களையும், 1996, 2004 ஒலிம்பிக் தங்கங்களையும் வென்ற அணியில் இருந்தார். 2004 இறுதியில் ஓய்வு பெற்றபோது அவர் ஆடிய அனைத்துலக ஆட்டங்கள் 270க்கும் மேல். 17 ஆண்டில் 270 என்றால் ஆண்டுக்குச் சராசரி 16 ஆட்டம். பெம்பெமுக்கு 21 ஆண்டில் 85. ஆண்டுக்கு 4 ஆட்டம்.

இந்த வேறுபாட்டைத் திறமையால் மட்டும் விளக்க முடியாது. ஃபவுடிக்குப் பின்னால் ஒரு சட்டம் இருந்தது. அரசாங்கப் பணம் பெறும் கல்வி நிலையங்கள் ஆண், பெண் என்று பாகுபாடு காட்டக்கூடாது என்று அமெரிக்கா 1972இல் சட்டம் இயற்றியது. ‘ஒன்பதாம் தலைப்பு’ என்று அறியப்படும் அந்தச் சட்டம் விளையாட்டையும் தொட்டது. பையன்களுக்குத் திடலும் பயிற்றுநரும் உதவித்தொகையும் கொடுக்கும் பல்கலைக்கழகம் பெண்களுக்கும் கொடுக்க வேண்டியதாயிற்று. 1982இல் பல்கலைக்கழகங்களுக்கிடையிலான தேசிய மகளிர் காற்பந்துப் போட்டி தொடங்கியது. 1985இல் அமெரிக்க மகளிர் அணி முதல் அனைத்துலக ஆட்டத்தை ஆடியது. ஆறே ஆண்டில் உலகக் கிண்ணம். ஃபவுடி ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவர். 1999 உலகக் கிண்ண இறுதி ஆட்டத்தைக் கலிபோர்னியாவின் ரோஸ் பௌல் அரங்கில் 90,185 பேர் பார்த்தார்கள்.

இதே 1972இல், மூனிக் ஒலிம்பிக்கில் மலேசிய ஆண்கள் அணி அமெரிக்க ஆண்கள் அணியை 3-0 என்று தோற்கடித்தது. எம். சந்திரன் உள்ளிட்ட இந்திய வம்சாவளியினரும் சேர்ந்திருந்த அணி அது. காற்பந்தில் மலேசியா அமெரிக்காவுக்கு முன்னால் நின்ற ஆண்டில்தான், அமெரிக்காவில் பெண்களுக்கான திடல் சட்டத்தால் திறந்தது. இருபது ஆண்டில் படம் தலைகீழானது.

இந்தியாவில் அப்படியொரு சட்டமோ, பல்கலைக்கழகப் போட்டிகளின் வலுவோ இல்லை. தேசியப் போட்டி ஆண்டுக்கு ஒருமுறை, இரண்டு மூன்று வாரம். அனைத்துலகப் போட்டி வந்தால் பயிற்சி முகாம். வராவிட்டால் முகாமும் இல்லை. 2009இல், 18 மாதத்துக்கு மேல் ஓர் ஆட்டமும் ஆடாததால், இந்திய மகளிர் அணியின் பெயரையே பீபா தரவரிசைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. அப்போது பெம்பெமுக்கு 29 வயது. பொதுவாக ஒரு மத்தியத் திடல் ஆட்டக்காரரின் ஆட்டம் கனிந்து நிற்கும் வயது. அந்த வயதில் அவருக்கு ஆட நாட்டு அணியின் ஆட்டமே இல்லை.

இந்த வெற்றுக்காலங்களை அவர் தாண்டியதற்குக் காரணம் இரண்டு. ஒன்று, மணிப்பூர் மாநில அணி. தேசியச் சாம்பியன் பட்டத்தை மணிப்பூர் 20 முறைக்கு மேல் வென்றிருக்கிறது. பெம்பெம் காலத்தில் அந்த அணியின் ஆதிக்கம் உச்சத்தில் இருந்தது. இரண்டாவது, சம்பளம். மணிப்பூர் போலீஸ் அவருக்கு வேலை கொடுத்தது. இந்தியாவில் மகளிர் காற்பந்துக்குத் தொழில்முறைக் கழகங்கள் இல்லாத காலத்தில், போலீசும் ரயில்வேயும்தான் வீராங்கனைகளுக்கு மாதச் சம்பளம் கொடுத்த இடங்கள். காலையில் பயிற்சி, பிறகு பணி, போட்டி வந்தால் விடுப்பு. காற்பந்து வாழ்க்கையை இழுத்துப் பிடித்த கயிறு அந்தச் சம்பளம்தான்.

பட்டை கட்டிய கை

2001இல் அனைத்திந்தியக் காற்பந்துச் சம்மேளனம் பெம்பெமை ஆண்டின் சிறந்த வீராங்கனையாகத் தேர்ந்தெடுத்தது. 2013இல் அதே விருது மறுபடி கிடைத்தது. இரண்டுக்கும் நடுவில் 12 ஆண்டு. ஓர் ஆட்டக்காரரின் உச்சம் இத்தனை காலம் நீள்வது அரிது.

2003இல் தாய்லாந்தில் நடந்த ஆசியப் போட்டிக்கு அவர் தலைமையில் அணி போனது. அதன்பின் ஆட்டங்கள் குறைந்த வறண்ட காலம். 2010இல்தான் மழை பெய்தது. அந்த ஆண்டு டாக்காவில் நடந்த தெற்காசிய விளையாட்டில் மகளிர் காற்பந்து முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது. இந்தியா தங்கம் வென்றது. ஆண்டின் இறுதியில் வங்காளதேசத்தின் காக்ஸ் பஜாரில் முதல் தெற்காசிய மகளிர் காற்பந்துக் கிண்ணம், அதுவும் இந்தியாவுக்கு. 2012இல் கொழும்பிலும், 2014இல் இஸ்லாமாபாத்திலும் அதே கிண்ணம். நான்கு இறுதி ஆட்டங்களிலும் எதிரில் நின்றது நேப்பாளம். இஸ்லாமாபாத்தில் கோல் கணக்கு 6-0.

தெற்காசியாவில் இந்தியா தோற்காத அணியாக இருந்தது. ஆசிய அளவில் அதே அணி பின்தங்கியே நின்றது. ஆண்டு முழுவதும் ஆடும் நாட்டுக்கும் ஆண்டுக்கு நான்கு ஆட்டம் ஆடும் நாட்டுக்கும் உள்ள தூரம் அது.

2014இல் இன்னொரு கதவு திறந்தது. மாலத்தீவின் நியூ ரேடியண்ட் கழகம் பெம்பெமையும் சிக்கிமைச் சேர்ந்த லாக்கோ பூட்டி பூட்டியாவையும் ஒப்பந்தம் செய்தது. மூன்று ஆட்டத்தில் பெம்பெம் ஆறு கோல் போட்டார். கழகம் பட்டம் வென்றது. அப்போது அவருக்கு 34 வயது. இதே வாய்ப்பு 24 வயதில் வந்திருந்தால் அவர் எங்கே போயிருப்பார் என்பது மணிப்பூர் ரசிகர்கள் கேட்டுக்கொள்ளும் கேள்வி. அவருக்குப் பின்வந்த இன்னொரு மணிப்பூர் வீராங்கனை பாலா தேவி 2020இல் ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸ் கழகத்தில் சேர்ந்தபோது அவருக்கு வயது 29. பாதை கொஞ்சம் சீராகியிருந்தது.

விடைபெறுதல்

2016 பிப்ரவரியில் தெற்காசிய விளையாட்டு இந்தியாவின் வடகிழக்கிலேயே, குவாஹாட்டியிலும் ஷில்லாங்கிலும் நடந்தது. மகளிர் காற்பந்து ஷில்லாங்கில். பிப்ரவரி 15 அன்று இறுதி ஆட்டத்தில் இந்தியா நேப்பாளத்தை 4-0 என்று வென்றது. தன் மண்ணுக்குப் பக்கத்து மண்ணில், தங்கப் பதக்கத்தோடு பெம்பெம் அனைத்துலக ஆட்டத்திலிருந்து விடைபெற்றார்.

ஆனால் அவர் 21 ஆண்டு காத்திருந்த ஒன்று அதன்பின்தான் வந்தது. இந்திய மகளிர் லீக்கின் முதல் இறுதிச் சுற்று 2017 ஜனவரி 28 முதல் பிப்ரவரி 14 வரை டில்லியின் அம்பேத்கர் திடலில் நடந்தது. ஆறு அணிகள், அவற்றில் ஒன்று ஜேப்பியார் தொழில்நுட்ப நிறுவன அணி. மணிப்பூரின் ஈஸ்டர்ன் ஸ்போர்ட்டிங் யூனியன் அணியில் பெம்பெம் ஆட்டக்காரராகவும் மேலாளராகவும் இருந்தார். இறுதி ஆட்டத்தில் ஒடிசாவின் ரைசிங் ஸ்டூடண்ட்ஸ் கழகத்தை அந்த அணி 3-0 என்று வென்றது. நாட்டின் முதல் மகளிர் லீக், ஆறு அணிகள், 18 நாள். அந்த அளவுக்குத்தான் அது இருந்தது. ஆனாலும் அது லீக். அந்தப் பெயரில் ஒரு போட்டியைப் பார்க்க அவருக்கு 36 வயதாகிவிட்டது.

அந்த ஆண்டு ஆகஸ்டில் அர்ஜுனா விருது. காற்பந்துக்காக அதைப் பெற்ற பெண்களில் இவர் இரண்டாமவர். முதலாமவரான சாந்தி மல்லிக்குக்கும் இவருக்கும் இடையே 34 ஆண்டு. 2020இல் பத்மஸ்ரீ. பயிற்றுநர் உரிமம் பெற்று, இளையவர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் பக்கம் அவர் நகர்ந்தார். 2025 ஜூலையில் இந்திய மகளிர் அணி சியாங் மாயில் தாய்லாந்தை 2-1 என்று வென்று, தகுதிச் சுற்றின் வழியாக முதன்முறையாக ஆசியக் கிண்ணத்துக்குப் போனது. இரண்டு கோலையும் போட்ட சங்கீதா பாஸ்ஃபோரும் மத்தியத் திடல் ஆட்டக்காரரே.

கடலூர் வழி

மணிப்பூரின் ஆதிக்கத்தை உடைத்தவர்களில் தமிழ்ப் பெண்கள் உண்டு. 2018 பிப்ரவரியில் கட்டாக்கில் நடந்த தேசியப் போட்டியின் இறுதியில் தமிழ்நாடு மணிப்பூரை 2-1 என்று வென்று முதல்முறையாகச் சாம்பியனானது. 2019இல் மதுரையின் சேது கழகம் இந்திய மகளிர் லீக்கை வென்றது. 2023இல் தமிழ்நாடு மறுபடி தேசியப் பட்டம் பெற்றது.

இந்த எழுச்சியின் மையம் கடலூர். 2004 டிசம்பர் ஆழிப்பேரலை அந்தக் கரையைப் புரட்டிப் போட்டபின், அங்குள்ள பயிற்சி நிலையம் ஒன்று பாதிக்கப்பட்ட குடும்பங்களின் பெண் பிள்ளைகளையும் ஏழைப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு காற்பந்து கற்றுக்கொடுத்தது. மீனவர் குடியிருப்பிலிருந்தும் கூலிக் குடும்பங்களிலிருந்தும் வந்த பிள்ளைகள் மாநில அணிக்கும் நாட்டு அணிக்கும் போனார்கள்.

கடலூர் மாவட்டத்தின் இந்துமதி கதிரேசன் 1994இல் பிறந்தவர். இந்திய அணியின் மத்தியத் திடலில் பெம்பெமுக்குப் பின்வந்த தலைமுறை. 2018இல் பட்டம் வென்ற தமிழ்நாட்டு அணியிலும், 2019இன் சேது அணியிலும் இருந்தார். தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளர். 2020இல் கொரோனா ஊரடங்கின்போது காக்கி உடையில் சென்னைத் தெருவில் பணியில் நின்றார். மணிப்பூரில் பெம்பெமைத் தாங்கிய அதே தூண் இங்கேயும் நின்றது: காவல்துறைச் சம்பளம்.

இந்த இரண்டு வாழ்க்கையையும் அடுத்தடுத்து வைத்தால் ஒரு பொதுக் கணக்கு கிடைக்கிறது. நடந்து போகும் தூரத்தில் ஒரு திடல். ஆண்டுதோறும் கலையாமல் இருக்கும் ஓர் அணி. பள்ளி முடிந்தபின்னும் ஆட்டத்தை விடாமல் இருக்க ஒரு சம்பளம். மூன்றில் ஒன்று குறைந்தாலும் ஆட்டம் பதினெட்டு வயதோடு நின்றுவிடும்.

தோட்டத்துத் திடல்

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் இந்த மூன்றில் முதலாவது ஒரு காலத்தில் தாராளமாகவே இருந்தது. லயம், கோயில், தமிழ்ப்பள்ளி, திடல் என்ற நான்கும் சேர்ந்ததுதான் தோட்டம். காலையில் பெரட்டு, மதியம்வரை பால்மரம், மாலையில் பந்து. தோட்டத்துக்குத் தோட்டம் அணி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு லாரியில் ஆள் வந்தார்கள். தோட்டப்புறப் பையன்கள் மாவட்ட அணிக்கும் மாநில அணிக்கும் போன வழி அதுதான்.

அந்தத் திடலில் பெண்களின் இடம் ஓரத்தில்தான் இருந்தது. தாய்மாரும் விடியலில் எழுந்து மரம் வெட்டப் போனவர்களே. ஆனால் மாலை நேரம் ஆண்களுக்கு ஓய்வாகவும் பெண்களுக்குத் தண்ணீராகவும் அடுப்பாகவும் பிரிந்தது. பள்ளியில் பெண் பிள்ளைகளுக்கு வலைப்பந்து, பையன்களுக்குக் காற்பந்து. பெண்வழிச் சொத்துரிமை பேசும் அடாட் பெர்ப்பாத்தே வழக்கம் ஊன்றிய மாநிலம் இது. ஆனால் அதன் காற்று தோட்டத்து வேலிக்குள் வீசியதில்லை.

இன்று திடலே குறைந்துவிட்டது. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, ஆள்தேவை சுருங்கியது. நீலாய், லாபு, சிரம்பான் சுற்றுவட்டாரத்தில் தோட்ட நிலங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. குடும்பங்கள் தாமானுக்கும் அடுக்குமாடிக்கும் இடம்பெயர்ந்தன. தாமானில் திடல் இருக்கலாம்; ஆனால் அது தெரிந்தவர்கள் நிறைந்த திடல் இல்லை, இருட்டுமுன் மகள் தனியாகத் திரும்பிவருவாள் என்று நம்பி அனுப்பும் இடமும் இல்லை.

மிஞ்சியிருப்பது பள்ளி. மாநிலத்தில் 60க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. பிராட்வால், சுவா பெத்தோங், கெர்பி, கெடிஸ், ஜெராம் பாடாங், ரீஜண்ட் என்று பல பள்ளிகள் இன்னும் தோட்டத்துப் பெயரையே சுமக்கின்றன. சில பள்ளிகளில் மாணவர் எண்ணிக்கை குறைவு. பதினொருவர் கொண்ட அணி சேர்வதே சிரமம். ஆனால் சிறுபிள்ளைகளுக்கான ஆட்டம் ஐவர் அல்லது எழுவர் அணியாகவே உலகெங்கும் நடக்கிறது. பெண், பையன் சேர்ந்தே ஆடலாம். அந்த வயதில் கலந்து ஆடுவது பெண் பிள்ளையின் ஆட்டத்தைக் கூர்மையாக்கும் என்பதற்கு இம்பாலின் லெய்காயே சாட்சி.

பள்ளிக்குப் பிறகுதான் இடைவெளி விழுகிறது. மாநில ஆண்கள் அணிக்கு ஒரு வரலாறு உண்டு. 1948இல் மலேசியக் கிண்ணத்தை வென்ற நெகிரி செம்பிலான், 61 ஆண்டு காத்திருந்து 2009இல் மறுபடி வென்றது, 2011இல் இன்னொருமுறை. 2009 அணியில் எஸ். குணாளன் இருந்தார், மறு ஆண்டு கே. ராஜகோபால் பயிற்றுவித்த தேசிய அணி தென்கிழக்காசியக் கிண்ணத்தை வென்றபோதும் இருந்தார். அந்த ஆண்டுகளில் பாரோய் அரங்கின் மேடையில் அப்பாவோடு போய் உட்கார்ந்த பெண் பிள்ளைகளும் உண்டு. ஆட்டம் அவர்களுக்குத் தெரியும். பன்னிரண்டு வயதுக்குமேல் அவர்கள் எந்த அணியில் ஆடுவது, இருபது வயதில் அந்த ஆட்டம் எந்தச் சம்பளத்தைத் தரும் என்ற இரண்டும்தான் தெரியாது.

பெம்பெம் பதினொரு வயதில் பையன் பெயரை விட்டுவிட முடிந்ததற்குக் காரணம், 1991இன் மணிப்பூரில் பெண் பெயரில் சேர ஓர் அணி தயாராக இருந்ததுதான்.